நம் ஒயிட் சாக்ஸ் குழு: செயலாளர் ஆண்டறிக்கை 2024

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, பனியையும் பொருட்படுத்தாமல் நேரில் வந்திருக்கும் பதினோரு பேரே, வராமல் இருந்து நாளைக் காலை இதை வாட்ஸ்அப்பில் விரலால் தள்ளிவிட்டுப் போகப்போகிற மற்றவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சிகாகோ ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் தமிழ் ரசிகர்களான நம் குழுவின் 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையை, 2024 டிசம்பர் 15 ஞாயிறு அன்று தலைவர் வீட்டு பேஸ்மென்ட்டில் கூடியுள்ள இந்தப் பொதுக்குழுவின் முன் சமர்ப்பிக்கிறேன்.

செயற்குழு நான்கு முறை கூடியது. அதில் இரண்டு முறை கோரத்துக்கு வேண்டிய ஆள் சேரவில்லை. பொங்கல் பாட்லக் நடந்தது. கோடைப் பிக்னிக் மழையால் நடக்கவில்லை. பிள்ளைகளுக்கான பந்துப் பயிற்சி மூன்று சனிக்கிழமை நடந்து, கணக்கு வகுப்போடு நேரம் மோதியதால் நின்றுபோனது.

அணியைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. ஆனாலும் பதிவுக்காகச் சொல்கிறேன். 162 ஆட்டங்களில் வெற்றி 41, தோல்வி 121. 1900க்குப் பிறகு பெரிய லீக்கில் எந்த அணியும் ஒரே பருவத்தில் இத்தனை ஆட்டம் தோற்றதில்லை. அதற்கு முன் 120 தோல்வியோடு 1962 நியூயார்க் மெட்ஸ் 62 வருடம் தனியாக நின்றுகொண்டிருந்தது. இதைவிட மோசம் வேண்டுமென்றால் 1899 கிளீவ்லண்ட் ஸ்பைடர்ஸ் வரைக்கும் போக வேண்டும், அவர்கள் 134. பருவம் முழுக்க நம் ஆட்கள் எடுத்த ரன் 507. லீக்கிலேயே குறைவு.

இது மறுகட்டுமானக் காலம், பொறுமை வேண்டும் என்று போன வருடப் பொதுக்குழுவில் நானே சொன்னேன். அதை இப்போது எனக்கே சிலர் திருப்பிச் சொல்லிக் காட்டுகிறார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் நான் மனதில் வைத்துச் சொன்னது நம் ஊர்க் கோயில் திருப்பணியை. பாலாலயம் செய்து, மூலவரைப் பத்திரமாக ஓரிடத்தில் வைத்துவிட்டுத்தான் கோபுரத்தில் சாரம் கட்டுவார்கள். இங்கே சாரம் கட்டிய கையோடு மூலவரையே விலைபேசி அனுப்பிவிட்டார்கள். மார்ச் மாதம், பருவம் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது நம் பிட்ச்சர், அதாவது பந்து எறிபவர், டிலன் சீஸ் சான் டியேகோவுக்குப் போனார். ஜூலைக் கடைசியில் எரிக் ஃபெடியும் டாமி ஃபாமும் செயின்ட் லூயிஸுக்கு, மைக்கேல் கோபெக் லாஸ் ஏஞ்சலஸுக்கு, எலோய் ஹிமெனெஸ் பால்டிமோருக்கு. இந்த வாரம் கேரெட் க்ரோஷே பாஸ்டனுக்கு. இந்த வருடம் 146 இன்னிங்ஸில் 209 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்த, அதாவது மூன்று ஸ்ட்ரைக்கிலேயே வெளியேற்றிய கை அது. பதிலுக்கு இளம் ஆட்கள் நான்கு பேர் வருகிறார்கள். வரட்டும்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. இது முதல் திருப்பணி அல்ல. 2016 டிசம்பரில் கிறிஸ் சேலைக் கொடுத்து மொன்காடாவையும் கோபெக்கையும் வாங்கினோம். 2017இல் கின்டானாவை நம் நகரத்தின் இன்னொரு அணியான கப்ஸுக்கே கொடுத்து ஹிமெனெஸையும் சீஸையும் வாங்கினோம். அதன் பலன் 2021இல் 93 வெற்றி, டிவிஷன் பட்டம். பிறகு 2022இல் 81, 2023இல் 61, இந்த வருடம் 41. மொன்காடாவையும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று நவம்பரில் முடிவாகிவிட்டது. அப்போது வாங்கிய நால்வரில் ஒருவர்கூட இன்று 35ஆம் தெருவில் உள்ள நம் மைதானத்தில் இல்லை.

போனவர்கள் எல்லாம் நன்றாக இருக்கிறார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். ஜூலை 25 அன்று சீஸ் வாஷிங்டனில் ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஆட்டத்தை முடித்தார். அன்றைக்கு நம் அணி தொடர்தோல்வியின் நடுவில் இருந்தது. அக்டோபரில் கோபெக் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸோடு பருவத்தின் இறுதிப் பட்டமான உலகத் தொடரை வென்றார். நம் குழுவை விட்டு வடக்கே கப்ஸ் பக்கம் போன இரண்டு குடும்பங்களும் கப்ஸின் மைதானமான ரிக்லி ஃபீல்டில் எடுத்த படங்களை நம் வாட்ஸ்அப் குழுவிலேயே போட்டு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். இந்த வருடம் கப்ஸோடு ஆடிய நான்கு ஆட்டங்களிலும் நாம் தோற்றோம். அந்த நான்கு நாளும் எனக்கு வந்த சிரிப்புப் பொம்மைகளை நான் அழிக்கவில்லை. செயலாளர் என்ற முறையில் அவை ஆவணம்.

மைதானப் பயணங்கள் மூன்று.

முதலாவது ஏப்ரல் 27. அணி அப்போதுதான் 3 வெற்றி, 22 தோல்வி என்ற தொடக்கத்திலிருந்து தலைதூக்கிக்கொண்டிருந்தது. பார்க்கிங்கில் இட்லி, மிளகாய்ப்பொடி, எலுமிச்சை சாதம் எல்லாம் சிறப்பாக அமைந்தன. ஒன்பது இன்னிங்ஸில் முடியாமல் ஆட்டம் நீண்டதும், குளிருகிறது, பிள்ளை தூங்கிவிட்டது, ரெட் லைன் ரயிலில் கூட்டம் வந்துவிடும் என்று நம்மவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பத்தாவது இன்னிங்ஸில் நம் பெனின்டெண்டி அடித்த ஹோம் ரன்னில் 8க்கு 7 என்று டாம்பா பே அணியை வென்றோம். அப்போது நம் வரிசையில் இருந்தது நானும், தூங்கிய பிள்ளையைத் தோளில் போட்டிருந்த ஒரு தந்தையும் மட்டும்.

இரண்டாவது மே 23, பால்டிமோருக்கு எதிராக. ஒன்பதாவது இன்னிங்ஸ், ஒரு அவுட், நம் ஆட்கள் இரண்டு பேர் பேஸில், ஸ்கோர் பால்டிமோர் 8, நாம் 6. பெனின்டெண்டி அடித்த பந்து நேரே மேலே போய், இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பிடம் இறங்குகிறது. எளிதாகப் பிடிக்கக்கூடிய உயரப் பந்து, அதாவது இன்ஃபீல்ட் ஃப்ளை என்பதால், பிடிக்கும் முன்பே அடித்தவர் அவுட். சரி. ஆனால் இரண்டாவது பேஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஆண்ட்ரூ வான் ஷார்ட்ஸ்டாப்பின் வழியில் நின்றார் என்று அவரையும் மூன்றாவது அவுட்டாகக் கொடுத்து ஆட்டத்தையே முடித்துவிட்டார்கள். வழக்கமாக மைதானத்தில் பேசாத நம் தலைவர் அன்று எழுந்து நின்று தமிழில் பேசியதை இங்கே பதிவு செய்யவில்லை.

மூன்றாவதைப் பிறகு சொல்கிறேன்.

ஜூலை 10 முதல் ஆகஸ்ட் 5 வரை தொடர்ந்து 21 தோல்வி. பெரிய லீக்கில் நம் பாதியான அமெரிக்கன் லீக்கில் 1988 பால்டிமோர் வைத்த சாதனைக்குச் சமம். அந்த நாட்களில் சேர்ந்து ஆட்டம் பார்க்கும் மாலைக்கு முதல் வாரம் எட்டுப் பேர் வந்தார்கள். அடுத்த வாரம் மூன்று. அதற்கடுத்த வாரம் நான் வாங்கி வைத்த சமோசாவை நானே மூன்று நாள் சாப்பிட்டேன். ஆகஸ்ட் 6 அன்று ஓக்லண்டில் 5க்கு 1 என்று வென்று தொடரை முறித்தார்கள். நம் நேரத்துக்கு நள்ளிரவை நெருங்கிவிட்டது. குழுவில் செய்தி போட்டேன். மறுநாள் மதியம் ஒரே ஒரு கட்டைவிரல் வந்தது. அதற்கு மறுநாள் மேனேஜர் க்ரிஃபோலை நீக்கி, இடைக்காலப் பொறுப்பைக் கிரேடி சைஸ்மோரிடம் கொடுத்தார்கள்.

இனி இந்த ஆண்டின் முக்கியப் பணியான தமிழ் ஸ்கோர் நோட்டுத் திட்டம். இதைச் சற்று விரிவாகச் சொல்லக் காரணம், இதைப் பற்றி என் காதுபட வராத பேச்சுகள் எனக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

கிரிக்கெட்டுக்குப் பள்ளியில் ஸ்கோர் எழுதிய கை என் கை. இங்கே பேஸ்பாலுக்குத் தனிக் கணக்கு, ஆள் நிற்கும் இடத்துக்கெல்லாம் ஓர் எண். பிட்ச்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, வெளியே இடமிருந்து 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் எடுத்து இரண்டாம் பேஸுக்கு எறிந்து, அங்கிருந்து முதல் பேஸுக்குப் போனால் 6-4-3. ஸ்ட்ரைக் அவுட்டுக்கு ஆங்கிலத்தில் ‘கே’ எழுத்து. ‘ஸ்ட்ரக்’ என்ற சொல்லின் கடைசி எழுத்தை ஹென்றி சாட்விக் என்ற பழைய பத்திரிகையாளர் எடுத்துக்கொண்டது. மட்டையைச் சுழற்றாமல் பார்த்துக்கொண்டே நின்று அவுட்டானால் அந்த எழுத்தைத் திருப்பிப் போடுவார்கள். நம் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் தமிழில் சொல்லிக்கொடுத்தால் இரண்டு மாங்காய் விழும் என்று நினைத்தேன். சுழற்றி அவுட்டானால் ‘சு’, நின்று அவுட்டானால் ‘நி’. ஆட்டக்காரர் பெயர்களையும் பிட்ச்சர், கேட்சர் போன்ற சொற்களையும் நான் தொடவில்லை. எறிவாளர், பிடிவாளர் என்று வைக்கச் சொன்ன ஆலோசனைகளை நன்றியோடு ஏற்று ஓரமாக வைத்தேன்.

தவறு நடந்த இடத்தை ஒப்புக்கொள்கிறேன். எண்களைத் தமிழ் எண்களாக அச்சிட்டிருக்கக் கூடாது. ௬-௪-௩ என்று பார்த்ததும் பிள்ளைகள் விழித்தார்கள். பெற்றோரைக் கேட்டார்கள், பெற்றோரும் விழித்தார்கள். தமிழ் எட்டு ‘அ’ மாதிரியே இருப்பதால், கட்டத்தில் அ என்று இருந்தால் அது அவுட்டா, எட்டாம் எண்ணான சென்டர் ஃபீல்டரா என்று ஜூன் மாதம் முழுக்க ஒரு விவாதம் ஓடியது. ஜூலையில் சாதாரண எண்ணுக்கே மாறினோம். இதைத் தோல்வி என்று சொல்பவர்களுக்கு ஒன்று: 162 ஆட்டங்களில் 149 ஆட்டங்கள் அந்த நோட்டில் எழுதப்பட்டிருக்கின்றன. மீதிப் பதின்மூன்றும் நான் ஊருக்குப் போயிருந்தபோது நடந்தவை. மூன்று பிள்ளைகள் இன்று தனியாக ஸ்கோர் எழுதுவார்கள். அதில் ஒரு பெண், ஆகஸ்ட் மாதம் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே, “மாமா, இந்தப் பக்கத்துலயும் நி தானா?” என்று கேட்டாள். நம் அணியின் இந்த வருடத்தை இதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நோட்டு சிவகாசியில் அச்சானது, 200 பிரதி. ஒரு உறுப்பினரின் பெற்றோர் இரண்டு பெட்டிகளில் கொண்டுவந்து சேர்த்தார்கள். முறுக்குக்கு இருந்த இடத்தில் நோட்டு வந்துவிட்டது என்று அவர்கள் வீட்டில் வருத்தம். அதற்கு இந்த மன்றத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவது பயணம் செப்டம்பர் 24, செவ்வாய்க்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன் சான் டியேகோவில் 120ஆவது தோல்வி வந்து மெட்ஸோடு சமமாகிவிட்டோம். அடுத்தது நம் மைதானத்தில், ஏஞ்சல்ஸோடு. பருவம் முழுக்க வேலை, ட்ராஃபிக், முதுகுவலி என்றிருந்தவர்கள் அன்று வந்தார்கள். வேலை நாள், ஆனாலும் இரண்டு வேன். மொத்தம் 17 பேர். சந்தாவுக்கு என் அழைப்பை எடுக்காத ஒருவர் அன்று தானாக அழைத்து, டிக்கெட் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். சாதனைத் தோல்வியைக் கண்ணால் பார்த்தோம் என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்ல வேண்டுமாம். அரங்கத்தில் அணியை விற்றுவிடு என்று உரிமையாளரைப் பார்த்துக் கோஷம். நம்மவர்களில் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். ஏழு இன்னிங்ஸ் வரை எல்லாம் அவர்கள் எண்ணப்படிதான் போனது. எட்டாவதில் மூன்று ரன். 3க்கு 2 என்று வென்றுவிட்டோம்.

வேனில் திரும்பும்போது யாரும் பேசவில்லை. வெற்றி பெற்ற இரவில் இப்படி ஒரு வேனை நான் பார்த்ததில்லை. ஏஞ்சல்ஸோடு மீதி இரண்டு ஆட்டங்களையும் வென்றோம். அவற்றுக்கு யாரும் டிக்கெட் கேட்கவில்லை. 121ஆவது தோல்வி 27ஆம் தேதி டெட்ராய்டில் வந்தது, 4க்கு 1. அந்த வெற்றியோடு டைகர்ஸ் 2014க்குப் பிறகு முதல் முறையாக ப்ளேஆஃபுக்குப் போனார்கள். அதை நான் வீட்டு சோபாவில் பார்த்தேன். கடைசிக் கட்டத்தில் என்ன எழுதினேன் என்று கேட்பவர்களுக்கு நோட்டு இங்கே மேசைமேல் இருக்கிறது. டெட்ராய்டில் கடைசி இரண்டு ஆட்டங்களையும் வென்றதையும் சேர்த்துப் பதிகிறேன்.

கடைசி இடத்துக்காவது பரிசு உண்டு, புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் அடுத்த டிராஃப்டில் முதல் ஆள் நமக்குத்தான் என்று தேற்றிக்கொண்டவர்களுக்கு: இல்லை. அணிகளுக்குள் நடக்கும் வருமானப் பகிர்வில் பணம் கொடுக்கும் பக்கத்தில் இருக்கிற அணிக்கு, முதல் இடங்களைக் குலுக்கிப் போடும் லாட்டரியில் ஓர் ஆண்டு இடம் கிடைத்தால் அடுத்த ஆண்டு கிடையாது. 2024இல் ஐந்தாவதாக ஹேகன் ஸ்மித்தை எடுத்துவிட்டதால், 2025இல் நமக்குப் பத்தாவது இடம். 121 தோற்றும் பத்தாவது. தவறாமல் பணம் கட்டுகிறவனுக்கு எங்கேயும் இதுதான் நிலை என்று நம் குழுவில் சந்தா கட்டிய ஒன்பது குடும்பங்களும் நினைத்துக்கொள்ளலாம்.

வரவு செலவு. பொருளாளர் கோயம்புத்தூரில் இருப்பதால் விவரமான கணக்கு அவர் வந்ததும் சுற்றுக்கு விடப்படும். 26 குடும்பங்களில் ஒன்பது சந்தா கட்டியிருக்கின்றன. டிக்கெட், சமோசா, வேன் வாடகை, அச்சு எல்லாம் சேர்த்து வரவும் செலவும் ஏறக்குறைய சமம். அந்த ‘ஏறக்குறைய’ யார் பையிலிருந்து வந்தது என்று நான் சொல்வது முறையல்ல.

நன்றி. பேஸ்மென்ட் தந்த தலைவர் குடும்பத்துக்கு, மூன்று பயணத்துக்கும் சாதம் கட்டிக்கொடுத்த அக்காவுக்கு, வேன் ஓட்டிய தம்பிகளுக்கு, பொருளாளருக்கு, என் மனைவிக்கு.

அடுத்த ஆண்டு. வில் வெனபிள் என்ற புது மேனேஜர் வந்திருக்கிறார். 2025 மார்ச் 27 அன்று நம் மைதானத்திலேயே தொடக்க ஆட்டம், எதிரணி அதே ஏஞ்சல்ஸ். அணி தேறுமா என்று என்னைக் கேட்டால், உடனே தேறாது. மூன்றாண்டுப் பணிக்குப் பிறகு செயலாளர் பொறுப்பை இளையவர் யாரிடமாவது ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். யாரும் முன்வராவிட்டால் என்ன செய்வது என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். நான் எதையும் வற்புறுத்தவில்லை. டிக்கெட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டியிருப்பதால், சந்தா 30 டாலரை ஜனவரி 31க்குள் அனுப்பினால் நல்லது. பழைய பாக்கியைத் தனியாகக் கேட்கமாட்டேன். பெயர்ப் பட்டியல் மட்டும் அறிக்கையோடு சுற்றுக்கு வரும்.

இப்படிக்கு,
செயலாளர்

பி.கு.: ஸ்கோர் நோட்டு 161 பிரதி என் கராஜில் இருக்கிறது. தமிழ் எண்மேல் ஒட்டுவதற்கு ஸ்டிக்கரும் அடித்துவிட்டேன். செப்டம்பர் 24 அன்று வேனில் நீலநிற ஐஸ் பெட்டியை விட்டுப்போனவர் வந்து எடுத்துக்கொள்ளவும். உள்ளே இருந்த தயிர்சாதத்தை அப்போதே எடுத்துவிட்டோம்.