நாற்பத்தைந்து எழுத்தை ஒப்பித்து என்ன பயன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டு விழாக் காலம் வந்தால் கும்பகோணம், மாயவரம் பக்கத்துப் பள்ளி மேடைகளில் ஒரு நிகழ்ச்சி தவறுவதில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மைக் முன்னால் நின்று ‘நியூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்கோபிக்சிலிகோவால்கேனோகோனியோசிஸ்’ என்று மூச்சுவிடாமல் சொல்லும், கைதட்டல் பறக்கும். மாணவர் பக்கங்களிலும் ஆங்கிலத்தின் மிக நீளமான சொல் என்று இதைப் பெட்டிச் செய்தியாகப் போடுகிறார்கள். விடுபடுவது ஒன்றுதான்: இது மருத்துவர்கள் வைத்த பெயர் அல்ல. அமெரிக்கப் புதிர் ஆர்வலர் சங்கத்தின் தலைவராக இருந்த எவரெட் ஸ்மித் 1935-இல் நீளத்துக்காகவே கட்டிய சொல். கல் தூசு நுரையீரலில் படிந்து வரும் அந்த நோயை மருத்துவர்கள் ‘சிலிகோசிஸ்’ என்று ஒன்பது எழுத்தில் முடித்துவிடுவார்கள்.

சொல்லவே கூடாது என்பதல்ல. ஒப்பிக்கச் சொல்லாமல் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை ஆங்கில எழுத்து என்று எண்ணச் சொல்லுங்கள். நியூமோனோ (நுரையீரல்) 8, அல்ட்ரா (அப்பால்) 5, மைக்ரோஸ்கோபிக் (கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய) 11, சிலிகோ (சிலிக்கா) 6, வால்கேனோ (எரிமலை) 7, கோனி (தூசு) 4, ஓசிஸ் (நோய்நிலை) 4. கூட்டினால் 45 வரவேண்டும். வராவிட்டால் எங்கோ எழுத்து விழுந்திருக்கிறது. பெரும்பாலும் விழுவது முதல் எழுத்தான ‘பி’. உச்சரிப்பில் அது இல்லை, காதால் மட்டும் கற்ற பிள்ளை அதை எழுத வழியே இல்லை. பிரித்துக் கற்ற பிள்ளைக்கோ நியூமோனியாவிலும் அதே ‘பி’ ஒளிந்திருப்பது தானாகப் புரியும்.

சசி தரூரால் 2018-இல் நம் ஊர் வரை பரவிய ‘ஃப்ளாக்சிநாசினிஹிலிபிலிஃபிகேஷன்’ 29 எழுத்து. ஒன்றைத் துளியும் மதிக்காமல் தள்ளுவது என்று பொருள். ஏறக்குறைய ‘ஒன்றுமில்லாதது’ என்றே பொருள்படும் நான்கு லத்தீன் சொற்களை வரிசையாக ஒட்டிய வேடிக்கை அது. இதைக் கரும்பலகையில் எழுதி, ‘இதிலிருந்து சின்னச் சொற்கள் எடுங்கள்’ என்று வகுப்பில் விளையாட வைத்தால் ஆட்டம் படுத்துவிடும். ஒன்பது இடத்தில் ‘ஐ’ இருக்கிறது. ‘இ’, ‘எஸ்’, ‘ஆர்’, ‘டி’ (டாக்டர் ‘டி’) என அதிகம் தேவைப்படும் எழுத்து ஒன்றுகூட இல்லை. ‘எஸ்’ இல்லாததால் பன்மைக்கும் வழியில்லை. அதற்குப் பதில் நடவுக் காலத்தில் ‘டிரான்ஸ்பிளாண்டட்’ என்று எழுதிப் பாருங்கள். பன்னிரண்டே எழுத்து. பிளானட், பேரண்ட், பிளாஸ்டர், டிரேட், லேண்ட், சேண்ட் என்று பிள்ளைகள் அடுக்கிக்கொண்டே போவார்கள்.

எழுத்துக் காய்களைப் பலகையில் அடுக்கிச் சொல் கட்டும் ஸ்கிராபிளில் நீளத்துக்கு வேலை இன்னும் குறைவு. பலகையே 15-க்கு 15 கட்டம். கையில் இருப்பது ஏழு காய். ஏழையும் ஒரே முறையில் இறக்கினால் 50 புள்ளி கூடுதல், அதுதான் குறி. முதல் முறையில் ‘குவிஸ்’ வைத்தால், ‘கியூ’வும் ‘இசட்’டும் பத்துப் பத்தாக 22 புள்ளி, நடுக்கட்டத்தில் இரட்டிப்பாகி 44. எல்லாம் ஒற்றைப் புள்ளி எழுத்தான ‘ரீடெய்ன்ஸ்’ வைத்தால் 7 இரட்டித்து 14, மேலே 50, மொத்தம் 64. எனவே கனமான எழுத்தைத் தேடுவதைவிட ‘இ, ஏ, ஐ, என், ஆர், டி, எஸ்’ போன்ற சாதாரண எழுத்துகளைக் கையில் சேர்ப்பதே லாபம். இங்கே ‘டி’ என்பது டீக்கடை ‘டி’. ‘எஸ்’ நூறு காயில் நான்கே உண்டு. ஐந்தாறு புள்ளிக்காக அதை வீணடிக்கக் கூடாது.

புதியவர்கள் சறுக்குவது ‘கியூ’வில். ‘யூ’ வரட்டும் என்று கடைசி வரை பிடித்துவைப்பார்கள். ஆட்டம் முடியும்போது அது கையிலேயே இருந்தால் பத்துப் புள்ளி கழியும். சீனர்கள் உயிராற்றலைச் சொல்லும் ‘சீ’யை ‘கியூ, ஐ’ என்ற இரண்டே எழுத்தில் வைத்துவிடலாம், ‘யூ’ வேண்டாம். எந்த அகராதி என்பதை மட்டும் ஆட்டத்துக்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள். பாதியில் எழும் சண்டை எல்லாம் அதில்தான். உலகப் போட்டிகளில் காலின்ஸ் அகராதியின் சொற்பட்டியல். அதில் நம் அணைக்கட்டு ‘அனிகட்’ என்று ஆறெழுத்தில் இருக்கிறது. கல்லணையை ‘கிராண்ட் அனிகட்’ என்று வெள்ளைக்காரன் எழுதி வைத்ததன் பலன்! ‘எஸ்’ சேர்த்தால் ஏழு காயும் போய்விடும்.

ஒவ்வொரு எழுத்தாக ஊகித்து மறைந்த சொல்லைக் கண்டுபிடிக்கும் ஹேங்மேனிலும் கதை தலைகீழ். நீளமான சொல்லை எளிதில் கண்டுபிடித்துவிடலாம். எந்த எழுத்தைச் சொன்னாலும் அதில் எங்காவது விழும், கடைசியில் ‘ஷன்’, ‘இங்’ பிடிபட்டால் மீதி தானே வரும். எதிரியைத் திணறடிப்பது ‘ஜாஸ்’ மாதிரி நாலெழுத்துச் சொல்தான்.

தங்கள் மாணவர் பக்கத்தில் நீளச் சொல் பெட்டிக்குப் பதிலாக, நாளுக்கு ஏழு எழுத்து கொடுத்து ஏழையும் கொண்ட சொல்லைக் கேளுங்கள். மறுநாள் விடையோடு அதன் பகுதிகளையும் பிரித்துப் போடுங்கள். ஏழில் உயிரெழுத்து இரண்டோ மூன்றோ இருக்கட்டும். நான்கைத் தாண்டினால் பிள்ளைகள் பேப்பரை மூடிவிடுவார்கள்.

இப்படிக்கு,
சொல் விளையாட்டுப் பயிற்சியாளர்கள்,
கும்பகோணம்.