பௌர்ணமி சனிக்கிழமைக்காகக் காத்திருக்காது

எங்கள் குடியிருப்புச் சங்க நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

குஜராத்தியில் எழுதிய மனுவை நேற்றே கொடுத்துவிட்டேன். குழுவில் நம் அகமதாபாத் மணிநகர்த் தமிழர்களும் இருப்பதால் தமிழிலும் எழுதுகிறேன்.

தசராவுக்குப் பின் வரும் பௌர்ணமியான சரத் பூர்ணிமாவில் ஆடும் கர்பா நடனத்தை வேலைநாளில் வைத்தால் வசதிப்படாது என்று சனிக்கிழமைக்குத் தள்ளினீர்கள். இடத்தையும் பார்ட்டி பிளாட் என்னும் வாடகை விழாத் திடலுக்கு மாற்றி, ஆளுக்கொரு பாஸ் என்றீர்கள். பௌர்ணமியன்று நம் மைதானம் முழுக்கக் கார்கள்.

அன்றிரவு, எல்லாரும் ‘பா’ என்று அழைக்கும் மூன்றாம் மாடிப் பாட்டி இறங்கி வந்தார். முழங்கால் வலி, படிக்குப் படி நின்று வந்தார். கையில் வெள்ளைத் துணியால் வாய் கட்டிய பாத்திரம், உள்ளே பாலில் ஊறிய அவல். நிலவொளியில் வைத்தெடுத்த பிறகே இந்தத் தூத் பௌவாவை உண்பது வழக்கம். இரண்டு கார்களுக்கு நடுவே, எண்ணெய் கசிந்த தரையில், வெளிச்சம் விழுந்த ஒரு முழ இடத்தில் அதை வைத்தார். பக்கத்தில் நின்று தனியாக இரண்டு முறை கைதட்டினார். சேர்ந்து தட்ட ஆளில்லை. காரை எடுக்க வந்த ஒருவர் ஹாரன் அடித்தார். பா பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மீண்டும் படியேறினார்.

இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்றும் காரணம் சொன்னீர்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளை நானும் மதிக்கிறேன். ஆனால் ஒலிபெருக்கி கேட்டது யார்? துளையிட்ட பானைக்குள் விளக்கேற்றி நடுவில் வைத்து, வாயால் பாடி, கைதட்டிச் சுற்றி வந்தால் கர்பா. நம் கும்மிக்கு ஒலிபெருக்கியா இருந்தது? 2023-இல் யுனெஸ்கோ பட்டியலில் கர்பா இடம்பெற்றபோது நீங்கள்தான் வாயிலில் பதாகை கட்டினீர்கள். அந்தப் பெருமை பதாகையோடு முடிந்துவிட்டதா?

நவராத்திரியின் ஒன்பது இரவுகளும் டிஜேவுக்கும் பாஸ் வாங்க முடிந்தவர்களுக்கும் போய்விட்டன. தசராவுக்குப் பின் ஐந்தாம் நாள் வரும் இந்த ஓர் இரவையாவது முதியவர்களுக்கு விட்டுவைக்கக் கூடாதா?

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு பௌர்ணமியன்றே, நம் மைதானத்திலேயே, பாஸ் இல்லாமல் கர்பா நடக்க வேண்டும். அன்று மாலை கார்களை வெளியே நிறுத்தச் சொல்லுங்கள். மைதான விளக்குகளை ஒரு மணி நேரம் அணைத்து வையுங்கள். பா பாட்டியைக் கைப்பிடித்து இறக்கிக் கூட்டிவருவது என் பொறுப்பு. பௌர்ணமியன்றே நடத்துவோம் என்று எழுத்தில் உறுதி தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இரண்டாம் மாடிக் குடியிருப்பாளர்