‘டவுட்’ சொல்லில் ஒலிக்காத ‘பி’

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில், ‘டவுட்’ என்னும் ஆங்கில வினைச்சொல்லில் வரும் ‘பி’யைக் காரணம் கேட்காமல் மனப்பாடம் செய்துகொள்ளுமாறு எழுதியிருந்ததைப் படித்து வருந்தினேன். ஏழாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி அந்த ‘பி’யை விட்டுவிட்டதற்காகச் சென்ற வாரம் ஐம்பது முறை இம்போசிஷன் எழுதினாள், நாற்பதாவது வரியைத் தாண்டியதும் எழுத்துகள் கோட்டை விட்டு இறங்கத் தொடங்கியிருந்தன. அவள் எழுதியது பிழைதான். ஆனால், ஆங்கிலேயரே ஒரு காலத்தில் ‘பி’ இல்லாமல்தான் எழுதினார்கள் என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

பழைய பிரெஞ்சிலிருந்து இச்சொல் ‘பி’ இல்லாமலே ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் வேர் ‘துபிதாரே’ என்னும் லத்தீன் வினையில் இருப்பதைக் காட்ட விரும்பிய கற்றோர், பின்னாளில் அந்த எழுத்தை இடையில் செருகினார்கள். கடனைக் குறிக்கும் ‘டெட்’ சொல்லுக்கும் இதுவே நேர்ந்தது. பிரெஞ்சுக்காரர்களும் சிறிது காலம் ‘பி’யை எழுதிவிட்டுக் கைவிட்டார்கள், ஆங்கிலத்தில் அது நிலைத்துவிட்டது. 1598இல் அச்சான ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றில் வரும் பள்ளி ஆசிரியர், இச்சொல்லை ‘பி’யை விட்டுவிட்டு உச்சரிப்பவர்களைக் கடிந்துகொள்கிறார் என்றால், மக்களின் நாக்கு அன்றே அதை ஏற்கவில்லை என்றுதானே பொருள்?

லத்தீன் சொல்லின் அடியில் இருப்பது இரண்டு என்னும் எண். இதுவா அதுவா என்று மனம் ஊசலாடுவதை அது குறித்தது. ‘பாம்போ கயிறோ’ என்பதை நம் இலக்கணம் ஐயவினா என்கிறதே, அதே நிலை. பழைய ஆங்கில வழக்கில் அஞ்சுதல் என்ற பொருளும் இச்சொல்லுக்கு இருந்தது. ஸ்காட்லாந்து வழக்கில் மழை வருமென ‘டவுட்’ செய்வதாகச் சொன்னால், மழை வரும் போலிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

நம் வகுப்பறையில் ‘டவுட்’ என்று கையைத் தூக்கும் பிள்ளை பெரும்பாலும் கேட்பதோ, தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்கும் அறியாவினா. நம் ‘சந்தேகம்’ ஐயம், தெரியாமை என்னும் இரண்டு பொருளையும் சுமப்பதால் வந்த பழக்கம் இது. இங்கிலாந்துக்குப் படிக்கப் போகும் மாணவர் இதே சொல்லை அங்குள்ள ஆசிரியரிடம் சொன்னால், தாம் கூறியதை இவர் நம்பவில்லையோ என்று அவர் எண்ணக்கூடும்.

ஆகவே, மாணவர் பகுதியில் வாரம் ஒரு சொல்லுக்காவது எழுத்துக்கூட்டலோடு அதன் வரலாற்றையும் சேர்த்து வெளியிடுமாறு அன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
தஞ்சாவூர்.