பாவாடையின் இடது ஓரம்

அன்புள்ள கண்ணு,

நீ போன் பண்ணி ஐந்து ஞாயிறு ஆயிற்று. வேலை அதிகமாக இருக்கும், சரி. நேரத்துக்குச் சாப்பிடு. இங்கே தலைகுந்தாவில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கிறது, கேரட் இலை கருகிவிட்டது. உன் ஆராய்ச்சி மீன்களுக்கு மட்டும் 28 டிகிரியில் வெதுவெதுப்பான தண்ணீராம், அம்மா சொல்லிச் சிரித்தாள்.

நீ அனுப்பிய வரிக்குதிரை மீன் குஞ்சின் படத்தை டீக்கடையில் காட்டினேன். கண்ணாடி உடம்பு, நீலச் சாயத்தில் குருத்தெலும்பு, சிவப்புச் சாயத்தில் எலும்பு. மூன்றாம் நாளே தோள்பக்கத்து எலும்பு இறுக ஆரம்பித்துவிடும், முதுகெலும்போ குருத்தெலும்பாக வராமல், முதுகில் முதலில் தோன்றும் மெல்லிய தண்டான முதுகுநாணின் உறையிலேயே வளையம் வளையமாகக் கெட்டிப்படும் என்று நீ சொன்னதை ஒப்பித்தேன். "மீன் முள்ளைப் பார்க்கவா இத்தனை வருசப் படிப்பு?" என்றார் ஒருவர். கோபம் வந்தது, பதில் வரவில்லை. நீயும் கேட்டால் இரண்டு வார்த்தைதான் பேசுகிறாய்.

அடுத்த படத்தை யாருக்கும் காட்டவில்லை. பாம்பு நெளிவதுபோல் முதுகு வளைந்த மீன். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடும் நீரை நகர்த்துகிற நுண்மயிர்கள் சரியாக அசையாவிட்டால், நேராகப் பிறந்த மீனும் வளரும்போது கோணிக்கொள்கிறது, 2016-இல் கண்டுபிடித்தார்கள் என்று எழுதியிருந்தாய். கீழே ஒரு வரி: "பை கனத்தால் வருவதில்லை, அப்பா." அப்புறம்தான் போன் இல்லை.

எட்டாம் வகுப்பில் உன் பி.டி. டீச்சர் கொடுத்தனுப்பிய சீட்டை அம்மாவிடம் காட்டவில்லை. கோவையில் உன் முதுகை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருந்தார். பை கனம் என்று சொல்லி முடித்துவிட்டேன். உன் யூனிபார்ம் பாவாடையின் இடது ஓரத்தை மட்டும் அம்மா அரை அங்குலம் மடித்துத் தைத்தபோதும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பணமில்லை என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பணம் இருந்தது. அந்த வருடம் கேரட்டுக்கு நல்ல விலை. முதுகுக்குப் பட்டை போட்ட பெண் என்று ஊர் பேசும், நாளைக்கு எவன் கட்டுவான் என்று பயந்தேன். வளருகிற வயதில் போட்டால்தான் அந்தப் பட்டைக்குப் பலனாம். போன மாதம் ஒரு டாக்டரிடம், வேறு யாருக்கோ கேட்பதுபோல் கேட்டேன்.

வலிக்கிறதா? மைக்ராஸ்கோப்பில் எத்தனை மணி நேரம் குனிந்திருக்கிறாய்? அம்மாவுக்கு இன்னும் தெரியாது, நானே சொல்கிறேன். தோட்டத்தில் சிக்னல் கிடைக்காது, ஞாயிறு ஆறு மணிக்கு மேல் பண்ணு. சாப்பிடு.

அப்பா