தேன்மொழிக்கு, பணமும் பலகையும் பற்றி

ஸ்ரீரங்கம்
ஞாயிறு மாலை

அன்புள்ள தேன்மொழி,

உன் கடிதம் வியாழனன்று வந்தது. அம்மாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் நலம். வருமான வரித் தாக்கல் நெருக்கடி முடிந்து எங்கள் தணிக்கை அலுவலகத்தில் இப்போதுதான் மேசையின் மரம் கண்ணுக்குத் தெரிகிறது. காவிரியில் தண்ணீர் நிறையப் போகிறது. அம்மா மண்டபம் பக்கம் நீயும் நானும் நடந்த நாட்களை அடிக்கடி நினைக்கிறேன்.

உன் மகள் யாழினிக்குப் பணத்தைப் பற்றிச் சொல்லித்தர எந்தப் பலகை விளையாட்டு வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். கடிதத்தின் கடைசியில், கதிர் கைப்பேசியில் ஆப்ஷன் (பங்கை முன்கூட்டிக் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உள்ள உரிமை) வாங்கி விற்கிறான், என்ன சொல்லியும் கேட்பதில்லை என்றும் எழுதியிருக்கிறாய். நீ இரண்டு விஷயமாக எழுதினாலும் எனக்கு அவை ஒன்றாகவே தெரிகின்றன. ஞாயிறு மாலைகளில் எங்கள் மாடியில் தெருப் பிள்ளைகளைச் சேர்த்து விளையாட வைக்கிறேன் அல்லவா, அங்கே பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

மோனோபோலி வாங்கலாமா என்கிறாய். வாங்கு. ஆனால் முதலீடு கற்றுத்தரும் விளையாட்டு என்று சொல்லி அதைப் பிள்ளையிடம் கொடுக்காதே. அது வாடகையைப் பற்றிய விளையாட்டு, பலகையில் இடங்களை வாங்கி, அங்கே வந்து விழுகிறவரிடம் வாடகை வாங்குவது. அதற்கு விதை போட்டவர் லிசி மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி. சுருக்கெழுத்தாளராக வேலை பார்த்தவர். 1904இல் 'நிலக்கிழார் விளையாட்டு' என்ற பெயரில் காப்புரிமை பெற்றார். ஹென்றி ஜார்ஜ் என்ற பொருளியலாளரின் கருத்தில் அவருக்கு ஆழ்ந்த பற்று. நிலத்தின் மதிப்பை உயர்த்துவது ஊரார் எல்லோருடைய உழைப்பும்தான், ஆகவே அந்த மதிப்பின் மீது மட்டும் வரி போட்டால் போதும் என்பது ஜார்ஜின் வாதம். இதை மேடையில் பேசிப் புரியவைப்பதைவிட மேசையில் விளையாட வைத்துப் புரியவைக்கலாம் என்று மேகி நம்பினார்.

அதற்காக ஒரே பலகைக்கு இரண்டு வகை விதிகள் எழுதினார். ஒன்றில் நிலத்தை வளைத்துப்போட்டவர் மற்றவர்களை ஓட்டாண்டியாக்குவார். மற்றொன்றில் நில வாடகை பொதுக் கருவூலத்துக்குப் போகும். மிகக் குறைவாகப் பணம் வைத்திருப்பவர் தம் தொடக்க முதலை இரட்டிப்பாக்கும்போது ஆட்டம் முடியும், வெற்றி எல்லோருக்கும். நாற்பதாண்டாகப் போட்டியை மட்டுமே பார்த்த எனக்கு இந்த இரண்டாவது விதியைப் படித்தபோது கண் கலங்கியது. உலகம் முதல் வகையை மட்டும் எடுத்துக்கொண்டது. சார்லஸ் டாரோ என்பவர் தம் கண்டுபிடிப்பு என்று சொல்லி விற்றதை பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் 1935இல் வெளியிட்டது. மேகியின் காப்புரிமையை 500 டாலருக்கு வாங்கிக்கொண்டது. 1970களில் ரால்ஃப் ஆன்ஸ்பாக் என்ற பொருளியல் பேராசிரியர் தம் சொந்த விளையாட்டைக் காப்பாற்ற நீதிமன்றம் போனபோதுதான் அந்த அம்மையாரின் பெயர் மீண்டும் வெளியே வந்தது.

இரண்டு வகையையும் பிள்ளைகளை விளையாட வைத்தேன். முதல் வகையில், தொடக்கத்தில் நல்ல இடங்களில் விழுந்த பையன் எல்லோரையும் துடைத்தெடுத்தான். தன் திறமை என்றே நினைத்தான். அடுத்த வாரம் அதே பலகை, அதே பகடை, அதே பிள்ளைகள், விதி மட்டும் வேறு. யாரும் அழவில்லை, யாரும் எழுந்து போகவில்லை. அப்போது எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், "அப்படியானால் போன வாரம் நான் தோற்றதற்கு நான் மட்டும் காரணமில்லையா அத்தை?" என்று கேட்டாள். வீட்டில் கடன் இருக்கும் பிள்ளை அவள். பெரியவர்கள் பலருக்கும் வராத கேள்வி அது. இந்த ஒரு கேள்விக்காகவே அந்தப் பலகையை யாழினிக்கு வாங்கிக் கொடுக்கலாம்.

சாதாரண மோனோபோலியிலும் கற்பதற்கு உண்டு, அச்சிட்ட விதிகளின்படி ஆடினால். பெரும்பாலான வீடுகளில் ஏலத்தை விட்டுவிடுகிறார்கள். ஓர் இடத்தில் விழுந்தவர் அதை வாங்க மறுத்தால் வங்கி உடனே அதை ஏலம் விட வேண்டும் என்பது விதி. ஏலம் வந்தால்தான் ஒரு பொருளின் விலை அட்டையில் அச்சிட்டிருப்பது அல்ல, அந்த நேரத்தில் யாரிடம் எவ்வளவு ரொக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். நூறு மதிப்புள்ள இடம் பத்துக்குப் போவதையும் பார்ப்பார்கள், வீம்புக்கு இரட்டை விலை கொடுப்பதையும் பார்ப்பார்கள்.

கணக்கு பிடிக்கும் யாழினிக்கு இன்னொன்றும் காட்டு. சிறைக் கட்டத்திலிருந்து புறப்படுகிறவர்கள் அதிகம். அங்கிருந்து ஆறு, எட்டு, ஒன்பது கட்டங்கள் தள்ளி ஆரஞ்சு நிற இடங்கள் மூன்று இருக்கின்றன. இரண்டு பகடை உருட்டினால் விழும் 36 வகைகளில் 14 வகை அந்த மூன்றில் ஒன்றுக்குக் கொண்டுபோய்விடும். விலை அதிகமான கருநீல இடங்களைப் பார்த்து எல்லோரும் மயங்குவார்கள். யார் எங்கே அதிகம் வருகிறார்கள், போட்ட பணம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று எண்ணுகிறவள் ஆரஞ்சைப் பிடிப்பாள். கடை பிடிக்க இடம் தேடுகிறவர் தெருவில் நின்று ஆள் நடமாட்டத்தை எண்ணுவதும் இதே கணக்குதான்.

அதைவிட முக்கியம், கையில் ரொக்கம் வைத்திருப்பது. எங்கள் மாடியில் தோற்கிற பிள்ளைகள் பெரும்பாலும் சொத்தே இல்லாமல் தோற்பதில்லை. கை நிறையப் பத்திரம் வைத்துக்கொண்டு தோற்கிறார்கள். கடைசி ரூபாய்வரை வீடு கட்டிவிட்டு அடுத்த உருட்டலில் வாடகை கட்ட வழியில்லாமல், கட்டிய வீடுகளைப் பாதி விலைக்கு வங்கியிடமே திருப்பிக் கொடுக்கிறார்கள். பிறகு இடத்தையும் பாதி விலைக்கு அடகு வைக்கிறார்கள். மீட்கும்போது பத்து சதவீதம் வட்டி. அலுவலகத்தில் என் மேசைக்கு வரும் சிறு தொழில்காரர்களில் எத்தனை பேர் இதே வழியில் விழுந்தார்கள் என்று உனக்குச் சொல்லி முடியாது. லாபக் கணக்கில் லாபம் இருக்கும், சம்பள நாளில் பணம் இருக்காது.

பங்குகளைப் பற்றித்தான் வேண்டும் என்றால் 'அக்வயர்' கிடைக்கிறதா என்று பார். சிட் சாக்சன் 1960களில் உருவாக்கியது. ஓட்டல் நிறுவனங்கள் பலகையில் வளர்ந்து ஒன்றையொன்று விழுங்கும், நாம் அவற்றின் பங்குகளை வாங்குவோம். வாங்கிய பங்கை நினைத்தபோது விற்க முடியாது. இரு நிறுவனங்கள் இணையும்போது சிறியதன் பங்கு பணமாகும், இல்லையென்றால் ஆட்டம் முடியும்போதுதான். அதுவரை காசு முடங்கிக் கிடக்கும், மற்றவர்கள் வாங்குவதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். பதின்மூன்று பதினான்கு வயதுக்கு ஏற்றது. ராபர்ட் கியோசாகியின் 'காஷ்ஃப்ளோ' விளையாட்டை உன் அலுவலகத் தோழி புகழ்ந்தார் என்று எழுதியிருந்தாய். ஒவ்வொருவரும் தம் வரவு செலவுத் தாளைப் பென்சிலால் தாமே எழுதுவது அதில் மிக நல்ல பழக்கம். மாதச் சம்பளத்தில் வாழ்கிறவர்களை எவ்வளவு ஓடியும் வெளியே வர முடியாத எலி ஓட்டத்தில் மாட்டியவர்களாகக் காட்டுவது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. உன் அப்பாவும் என் அப்பாவும் அந்தச் சம்பளத்தில்தான் நம்மைப் படிக்க வைத்தார்கள்.

ஆனால் காசு கொடுத்து வாங்கும் எந்தப் பெட்டியையும்விட எங்கள் மாடியில் நன்றாக வேலை செய்தது ஏலச்சீட்டு. உன் மாமியார் நடத்திய சீட்டு நினைவிருக்கிறதா? அதையே மேசைக்குக் கொண்டுவந்தோம். ஐந்து பிள்ளைகள், சுற்றுக்கு ஆளுக்கு நூறு, மொத்தம் ஐந்நூறு. புளியங்கொட்டைதான் பணம். ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கு 150 சம்பளம், பிறகு ஒரு செலவுச் சீட்டு எடுக்க வேண்டும். 'பள்ளிக் கட்டணம் 300', 'கூரை ஒழுகுகிறது 200', 'செலவில்லை' என்று அட்டைகளில் எழுதி வைத்திருக்கிறேன். அவசரம் உள்ள பிள்ளை 'எனக்கு 400 போதும்' என்று தள்ளிக் கேட்பாள். இன்னும் அவசரம் உள்ளவன் 350க்கு இறங்கி எடுத்துக்கொள்வான். தள்ளிய 150 ஐவருக்கும் ஆளுக்கு முப்பது கழிவாகப் பிரியும்.

இரண்டாவது ஆட்டத்திலேயே பிள்ளைகளுக்கு விளங்கிவிட்டது. முதல் சுற்றில் எடுத்தவன் 350ஐயும் கழிவு முப்பதையும் பெற்றுக்கொண்டு ஐந்து சுற்றும் கட்டுகிறான். அவசரமில்லாமல் கடைசிவரை காத்திருந்தவள் முழு ஐந்நூறையும் பெறுகிறாள், இடையில் கிடைத்த கழிவும் அவளுக்கு லாபம். வட்டி என்று நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. "அவசரப்பட்டவன் கொடுத்ததுதான் பொறுத்தவளுக்கு வந்தது" என்று ஒரு பையன் தானாகச் சொன்னான்.

ஒரு நாள் முதல் சுற்றிலேயே எடுத்த பிள்ளைக்கு மூன்றாம் சுற்றில் கட்டப் பணமில்லை. அடுத்தடுத்துச் செலவுச் சீட்டு. மற்ற நால்வரும் திகைத்துப்போனார்கள். பிறகு அவர்களே உட்கார்ந்து பேசி, சீட்டு எடுக்கிறவருக்கு இன்னொருவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்று விதி போட்டார்கள். சீட்டு எடுத்தவர் மீதித் தவணைக்குப் பிணை தர வேண்டும் என்று 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டத்திலேயே இருக்கிறது என்று பிறகு சொன்னபோது அவர்கள் முகத்தில் வந்த பெருமையை நீ பார்த்திருக்க வேண்டும்.

இனி கதிர். விளையாட்டுகளை இவ்வளவு புகழ்ந்துவிட்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. எந்தப் பலகை விளையாட்டும் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்தாக வேண்டும், ஒருவர் ஜெயித்தாக வேண்டும். உண்மையான முதலீட்டில் இரண்டுமே இல்லை. மாதம் ஆயிரம் ரூபாய், ஆண்டுக்கு 8 சதவீதம், மாதந்தோறும் சேரும் கூட்டு வட்டி என்று வைத்துக்கொள், முப்பது ஆண்டில் நாம் கட்டுவது 3.6 லட்சம், கையில் வருவது சுமார் 14.9 லட்சம். இதில் பெரும்பகுதி கடைசிப் பத்து ஆண்டுகளில்தான் வருகிறது. இதை எந்தப் பலகையாலும் காட்ட முடியாது, முதல் பதினைந்து ஆண்டு யாருக்கும் விறுவிறுப்பாக இருக்காது.

கதிர் ஆடுவதோ பலகை விளையாட்டின் வேகத்தை நிஜப் பணத்தில் ஏற்றிய ஆட்டம். மோனோபோலியில் எல்லோரும் சமமான பணத்தோடு தொடங்குகிறார்கள். அவன் மேசையில் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று அவனுக்குத் தெரியுமா? பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைப் படித்துக் காட்டு. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்கு எஃப் அண்ட் ஓ, அதாவது ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஆடிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களின் மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அதே சந்தையில் லாபம் பார்த்தவை சொந்தக் கணக்கில் வணிகம் செய்யும் பெரிய நிறுவனங்களும் வெளிநாட்டு நிதியங்களும், அந்த லாபத்திலும் பெரும்பகுதி கணினி நிரல்கள் தானாகவே போட்ட ஆர்டர்களால் வந்தது. கதிரைத் திட்டாதே. எல்லா ஆர்டரையும், கழிக்கப்பட்ட கட்டணங்களோடு சேர்த்து, ஒரு நோட்டில் அவன் கையாலேயே எழுதச் சொல். எழுதி முடித்ததும் கூட்டச் சொல், நீ பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். உன் கணவரும் அந்த நேரத்தில் எதுவும் பேச வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

யாழினிக்குப் பத்து வயது தாண்டிவிட்டது. அஞ்சலகத்தில் தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்குத் தொடங்கி அவளே நடத்தலாம், 500 ரூபாய் இருந்தால் போதும். விளையாட்டோடு இதையும் சேர்த்துச் செய். பாஸ்புக்கை அவளே வரிசையில் நின்று பதியவைக்கட்டும். மேசையில் கிடைக்காத ஒன்று, அதாவது நேரம் போவது, அங்கேதான் அவளுக்குத் தெரியும்.

சீட்டு விளையாட்டின் விதிகளைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். செலவு அட்டைகளை மட்டும் வைக்கவில்லை. எங்கள் தெருச் செலவும் நாகர்கோவில் செலவும் ஒன்றல்ல. உங்கள் வீட்டில் இந்த ஆண்டு எதற்கெல்லாம் எதிர்பாராமல் பணம் போனது என்று யாழினி உன்னிடமும் அப்பாவிடமும் பாட்டியிடமும் கேட்டு, அட்டைகளைத் தானே எழுதட்டும். கண் அறுவைச் சிகிச்சையையும் சேர்க்கச் சொல். கதிரையும் ஐந்தில் ஒருவனாக உட்கார வை. முதல் ஆட்டம் முடிந்ததும், யார் எந்தச் சுற்றில் எவ்வளவுக்குத் தள்ளி எடுத்தார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்
கலா