மூர் தெருவும் ஒரு டைப்பிஸ்ட்டும்

அன்பு மகளுக்கு,

டப்ளின் மூர் தெருவில் கத்தரிக்காய் வாங்கினேன் என்று படம் அனுப்பியிருந்தாய். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து அயர்லாந்துக்காரர்கள் செய்த ஈஸ்டர் கிளர்ச்சி தோற்றபோது, 1916 ஏப்ரல் 29 அன்று எலிசபெத் ஓ'ஃபாரெல் வெள்ளைக் கொடியோடு பிரிட்டிஷ் துப்பாக்கிகளை நோக்கி நடந்த தெரு அது. ஹோல்ஸ் தெரு மருத்துவமனையில் பிரசவம் பார்த்தவர், உன் தொழில்தான். கிளர்ச்சித் தலைவர் பாட்ரிக் பியர்ஸ் சரணடையும் படத்தில் எலிசபெத் பின்னால் நிற்கிறார். பாவாடை விளிம்பும் ஷூவும் மட்டும் தெரியும். சில அச்சுகளில் அதையும் அழித்துவிட்டார்கள். சரணடையச் சொல்லும் உத்தரவை மற்ற கிளர்ச்சி முகாம்களுக்குக் கொண்டுபோனதும் அவர்தான்!

ஆனால் என்னைத் தூங்கவிடாதவர் லில்லி மெர்னின். அதற்குச் சில வருஷம் கழித்து, பிரிட்டிஷ் ஆட்சியின் தலைமையிடமான டப்ளின் கோட்டையை ஒட்டிய பிரிட்டிஷ் ராணுவ அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அம்மாவும் தாலுகா ஆபீஸில் இருபத்தெட்டு வருஷம் தட்டியவள் இல்லையா, எனக்குத் தெரியும். அதிகாரிகள் என் முன்னாலேயே எல்லாம் பேசுவார்கள். நானும் அந்த ஸ்டீல் பீரோவும் அவர்களுக்கு ஒன்றுதான். லில்லிக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். படைகளின் பலம், இருப்பிடம் எல்லாம் அவர் விரல் வழியே போயின. நகல்கள் ஐரிஷ் விடுதலைப் போராளி மைக்கேல் காலின்ஸின் உளவுப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தன. கூடுதலாக ஒரு கார்பன் வைத்தால் விசையை ஓங்கித் தட்ட வேண்டும், தெரியுமா? தாளை உருவும்போது விரல் நுனியெல்லாம் நீலமாகிவிடும். சேலைத் தலைப்பில் துடைத்தாலும் போகாது. அந்த விரல்களோடு காவலைத் தாண்டி வெளியே வருவதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ஒன்றை மறைக்க மாட்டேன். 1920 நவம்பர் 21 காலையில் காலின்ஸின் ஆட்கள் பிரிட்டிஷ் அதிகாரிகளை அவர்கள் தங்கியிருந்த அறைகளிலேயே சுட்டார்கள். லில்லி தந்த முகவரிகளும் அதற்கு உதவின. அன்று பிற்பகலே டப்ளினின் க்ரோக் பார்க் மைதானத்தில் பந்தாட்டம் பார்க்க வந்த கூட்டத்தின் மேல் பிரிட்டிஷ் அரசுப் படை சுட்டதில் 14 உயிர்கள் போயின. அந்த இரவு லில்லி எப்படிச் சாப்பிட்டிருப்பார், எப்படித் தூங்கியிருப்பார்? எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. ஆனாலும் அவரை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

சுமார் 30 வருஷம் கழித்துத்தான் அயர்லாந்து அரசின் வரலாற்று ஆவணக் குழுவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அந்த வாக்குமூலங்களை ஊர் உலகம் படிக்க 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சரி, அடுத்த முறை காய்கறி வாங்கப் போகும்போது மூர் தெரு 16-ஆம் எண் வீட்டைப் படமெடுத்து அனுப்பு. 1916 கிளர்ச்சித் தலைவர்கள் கடைசியாகத் தங்கியிருந்த வீடு. அப்புறம், நைட் ட்யூட்டி முடிந்து வரும்போது காதை மூடிக்கொண்டு வா, அங்கே காற்று ஜாஸ்தி என்றாயே.

அன்புடன்,
அம்மா