சராசரிக்குள் மறையும் மாவட்டங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒரு மாநிலத்தில் வேலைவாய்ப்பு கூடியது என்று ஒரே சதவீதத்தைப் போட்டுச் செய்தியை முடித்துவிடாதீர்கள். தலைநகரில் மென்பொருள் வேலை பெருகும் அதே ஆண்டில், ஆலையை நம்பிய மாவட்டத்தில் ஆட்குறைப்பு நடக்கலாம். சராசரியில் அது தெரியவே தெரியாது.

அப்புறம், வெறும் சதவீதமும் ஏமாற்றும். 100 பேர் வேலை பார்த்த துறையில் 150 பேர் ஆனால் 50 சதவீத வளர்ச்சி. 10,000 பேர் 10,500 ஆனால் 5 சதவீதம்தான். ஆனால் பிழைப்பு கிடைத்தது 500 பேருக்கு!

ஒரு வட்டாரத்தின் வளர்ச்சியில் நாட்டின் பொதுப்போக்குக்கு உள்ள பங்கு, அங்குள்ள தொழில்களின் கலவை, அந்த இடத்துக்கே உரிய சாதகம் ஆகியவற்றைப் பிரித்துப் பார்க்கும் முறையை பொருளாதார அறிஞர் எட்கர் டன் 1960-லேயே விளக்கிவிட்டார். பயிற்சி நிலையத்தை எங்கே திறப்பது என்று முடிவெடுக்க இந்தப் பிரிப்பு அவசியம். மாவட்டவாரியாக, துறைவாரியாக எண்ணிக்கையோடு அட்டவணை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்